தளத்துக்கு மேலே ஒரு அங்குலம்

வேலூரில் கான்கிரீட் தளம் போட்ட வீடு மிகவும் தகிக்கும் நேரம் நண்பகல் அன்று. இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரை. தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களின் மேல் காற்று படத் தொடங்கிவிட்ட பிறகும், அதே வீட்டின் படுக்கையறையில் மின்விசிறியைப் போட்டால் மேலிருந்து அனல்தான் இறங்குகிறது. கட்டிலின் மேல் ஏறி நின்று உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுவதும் வெயிலில் கிடந்த ஐந்து அங்குலக் கான்கிரீட், தான் சேர்த்து வைத்த வெப்பத்தைப் பொழுது சாய்ந்த பிறகும் கீழே விட்டுக்கொண்டே இருக்கிறது. இரவில் நாம் புரண்டு படுப்பது அன்றைய பிற்பகல் வெயிலில்தான்.

இந்தக் கட்டுரை அந்தத் தளத்தைப் பற்றியது. ஓரளவு சுவர்களைப் பற்றியும், ஓட்டு வீடுகளின் மச்சைப் பற்றியும். வீட்டை வெயிலிலிருந்து காப்பது என்றால் இன்று பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏசி. அதை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது என்பதும், அதைச் செய்ய வேண்டிய இடம் தளத்தின் மேல்புறமே தவிர உள்புறம் அன்று என்பதும்தான் நான் சொல்ல வருவது.

வேலூர் 13 டிகிரி வட அட்சரேகைக்குச் சற்றே தெற்கில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறையும், ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் மறுமுறையும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். அக்கினி நட்சத்திரத்தின்போது தெற்குச் சுவரில் ஏறக்குறைய வெயிலே விழாது. கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் மாலையிலும் சில மணி நேரம் காயும். மொட்டை மாடியோ காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை இடைவிடாமல் வெயிலை வாங்கிக்கொண்டே இருக்கும். மேகமில்லாத ஏப்ரல் நாளில் ஒரு சதுர மீட்டர் மாடியின் மேல் விழும் வெயிலை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 6 யூனிட். ஆயிரம் சதுர அடி மாடிக்கு அது ஒரே நாளில் 550 யூனிட் அளவுக்கு வரும். தமிழ்நாட்டு அரசு ஒரு வீட்டுக்கு இரண்டு மாதங்களுக்கு இலவசமாகத் தரும் மின்சாரம் 100 யூனிட் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விழுவதில் பெரும்பகுதி காற்றோடும் வானத்தோடும் திரும்பிப் போய்விடுகிறது என்றாலும், கீழே இறங்கும் சிறுபகுதியே அறையைச் சூளையாக்கப் போதுமானது.

இதோடு நம் ஊரின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று வேலூரைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்படும் வழக்கில், அந்த மரமில்லா மலைக்கு நம் இரவு வெப்பத்தில் நேரடிப் பங்கு உண்டு. சத்துவாச்சாரி போல மலையடிவாரத்தில் இருக்கும் குடியிருப்புகளுக்குப் பின்னால் நிற்பவை வெற்றுப் பாறைகள்; அவையும் பகலில் காய்ந்து இரவில் வெப்பத்தைத் திருப்பித் தருகின்றன. சென்னைக்குப் பிற்பகலில் கிடைக்கும் கடற்காற்று இவ்வளவு தொலைவு உள்நாட்டில் நமக்குப் பயன்படும் வலிமையோடு வந்து சேர்வதில்லை. ஆனால் கடலோரத்துக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. காற்றில் ஈரம் குறைவு என்பதால் பின்னிரவில் வெளி வெப்பம் நன்றாகவே இறங்கும். மே மாதத்தில்கூடப் பகல் உச்சத்துக்கும் விடியற்காலைக்கும் இடையே ஏறத்தாழ பன்னிரண்டு டிகிரி வேறுபாடு இருக்கும். அந்தக் குளிர்ச்சியை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பது தளத்தில் தேங்கிய வெப்பம் என்பதால்தான் இதன்மேல் எனக்கு இவ்வளவு அக்கறை.

முன்பெல்லாம் இதற்கு எளிய தீர்வு இருந்தது. சித்திரை பிறந்துவிட்டால் இரவில் பாயும் தலையணையும் மாடிக்கு ஏறிவிடும். எழுபது வயதைக் கடந்த என் அம்மாவால் இப்போது படியேற முடியவில்லை. எங்கள் தெருவில் அவரைப் போன்ற முதியவர்கள் பலர் இருக்கிறார்கள். பகல் வெப்பத்தைத் தாங்கிய உடல் இரவில் தணிந்து மீள வேண்டும். இரவும் தணியாவிட்டால் முதியவர்களுக்கும் இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் அது வெறும் அசௌகரியமாக நிற்காது, ஆபத்தாக மாறும். கூரையைப் பற்றிப் பேசுவதை நான் சொகுசாக நினைக்காததற்கு இதுவே காரணம்.

ஒரு தளம் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தும் என்பதைச் சொல்ல ஓர் அளவு இருக்கிறது. தளத்தின் மேலும் கீழும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே அது. வெறும் ஐந்து அங்குலக் கான்கிரீட்டும் அடிப்பூச்சும் மட்டும் இருந்தால் இந்த எண் 3-க்கு மேல் வரும். அதன்மேல் மூன்று நான்கு அங்குலம் செங்கல் ஜல்லியும் தட்டோடும் போட்டால் 2-க்குச் சற்று மேலே இறங்கும். ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பு, கூரைக்கு இந்த எண் 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் தளத்தின் மேல் ஒரே ஒரு அங்குலம் எக்ஸ்பிஎஸ் எனப்படும் பாலிஸ்டைரீன் நுரைப்பலகையைப் பதித்தால் அது 0.9 அளவுக்கு வந்துவிடும். இரண்டு அங்குலம் பதித்தால் சுமார் 0.5. வீட்டு வேலைகளில் இவ்வளவு சிறிய தடிமனுக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைக்கும் வேறொன்றை நான் அறியேன்.

இதற்கு அடிப்படை எளிமையானது. வெப்பத்தைக் கடத்துவதில் கான்கிரீட் தாராளமானது. அசையாமல் நிற்கும் காற்று மிகக் கஞ்சத்தனமானது. தெர்மாகோல், எக்ஸ்பிஎஸ் பலகை, கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி ஆகிய எல்லாமே காற்றைச் சிறுசிறு அறைகளிலோ இழைகளுக்கு நடுவிலோ அசையவிடாமல் பிடித்து வைப்பதற்கான வழிகள்தான். புதுமையான மந்திரம் எதுவும் அதில் இல்லை. கீற்றுக் கொட்டகை குளிர்ச்சியாக இருப்பதும் ஓலை அடுக்குகளுக்கு இடையே நிற்கும் காற்றால்தான்.

நம் முன்னோர் கட்டிய மெத்தை வீடுகளை இந்தக் கோணத்தில் பார்ப்பது பயனுள்ளது. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் அந்தத் தளத்தில் தேக்குச் சட்டங்களின் மேல் சிறிய செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்தி, மூலைவாட்டமான வரிசைகளில் சுண்ணாம்புக் கலவையால் ஒட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் பரப்புவார்கள். பிறகு பெண்கள் வரிசையாக அமர்ந்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அதைத் தட்டி இறுக்குவார்கள். தட்டும்போது தெளிக்கும் நீரில் கடுக்காயும் வெல்லமும் ஊறியிருக்கும். ஜவ்வாது மலையில் சேகரிக்கப்படும் கடுக்காய் இந்த மாவட்டத்துக்குப் புதிதன்று. தாவரப் பொருள்களைக் கொண்டு தோல் பதனிடுவதற்கும் அது பயன்பட்டது. தட்டி இறுகிய ஜல்லியின் மேல் தட்டோடு பதித்து முடித்த தளம், ஒழுகாமல் தலைமுறைகளைக் கடந்து நின்றது.

அந்தக் கனமான தளம் வெப்பத்தை அறவே தடுத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செங்கல் ஜல்லி கான்கிரீட்டைவிடக் குறைவாகக் கடத்தும் என்றாலும் நுரைப்பலகையோடு ஒப்பிடத்தக்கதன்று. அது செய்த முக்கியமான வேலை வெப்பத்தைத் தாமதப்படுத்தியதே. மேலே உச்சி வெயில் காயும்போது கீழே குளிர்ந்திருக்கும். வெப்பம் மெல்ல இறங்கி உள்ளே வரும் நேரத்தில் வீட்டார் மாடியிலோ திண்ணையிலோ படுத்திருப்பார்கள். உயரமான கூரையும், சூடான காற்று வெளியேற மேலே விட்ட சாளரங்களும், நடுவில் முற்றமும் மீதியைப் பார்த்துக்கொண்டன. பழைய தளத்தை அப்படியே திரும்பக் கட்டினால் போதும் என்று சொல்பவர்களோடு நான் முழுமையாக ஒத்துப்போகாதது இதனால்தான். இன்று நம் கூரைகள் தாழ்ந்துவிட்டன, முற்றம் இல்லை, இரவில் நாம் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம். வெப்பத்தைத் தாமதமாக உள்ளே விடும் தளம் நம் இன்றைய வாழ்க்கைக்குப் போதாது. அதை மேலேயே நிறுத்தும் தளம் வேண்டும்.

கான்கிரீட் தளம் வந்த பிறகும் செங்கல் ஜல்லியையும் தட்டோட்டையும் நெடுநாள் யாரும் கைவிடவில்லை. அரசுக் கட்டடங்களிலும் அது வழக்கமாக இருந்தது. மேஸ்திரிகள் இன்றும் அதை வெதரிங் கோர்ஸ் என்றே சொல்கிறார்கள். எங்கள் வீடு 1990-களில் எழுந்தபோது அந்த அடுக்கு ஒரு வழியாகப் போடப்பட்டது. அதன்பின் வந்த வீடுகளில் முதலில் சுண்ணாம்பு போய்ச் சிமெண்ட் வந்தது. பிறகு ஜல்லியின் தடிமன் சுருங்கியது. கடைசியில் பல வீடுகளில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு ஒன்று மட்டும் மிஞ்சியது. கசிவைத் தடுப்பதும் வெப்பத்தைத் தடுப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதை வீடு கட்டுபவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இரண்டு மில்லிமீட்டர் பூச்சு எத்தனை நல்ல பூச்சாக இருந்தாலும், அதன் தடிமனால் வெப்பம் நிற்காது. நின்றால் அதன் வெண்மையால் மட்டுமே நிற்கும்.

இந்த விஷயத்தில் இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்டது. அங்கே மரச்சட்டங்களால் ஆன சுவரின் நடுவிலும், சாய்கூரைக்குக் கீழுள்ள பரணிலும் கண்ணாடிக் கம்பளியை அடைக்கிறார்கள். உள்ளே எரியும் கணப்பின் சூடு வெளியேறாமல் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஈரத்தைத் தடுக்கும் தாளையும் அதற்கேற்றபடி உள்பக்கமாக, அதாவது சூடு இருக்கும் பக்கமாக வைக்கிறார்கள். நமக்கோ சூடு வெளியே இருக்கிறது. சுவர் செங்கல், தளம் கான்கிரீட், மழை மாதங்களில் எல்லாமே நனையும். பொருள்கள் ஒன்றாக இருக்கலாம். வைக்கும் இடமும் வரிசையும் ஒன்றாக இருக்க முடியாது.

காப்புப் பலகையைத் தளத்தின் உள்பக்கம், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பொருத்துவதுதான் இன்று அதிகமாக நடக்கிறது. தூசி குறைவு, வேலை விரைவு, பார்வைக்கும் அழகு. ஆனாலும் தளம் முன்போலவே வெயிலில் காய்கிறது. பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் ஏற்படும் வெடிப்பு தொடர்கிறது. அந்த வெடிப்பின் வழியே ஐப்பசி மழை உள்ளே இறங்குகிறது. பலகையை மேலே வைத்தால் நிலைமை தலைகீழாகிறது. வெயில் பலகையோடு நின்றுவிடுவதால் கான்கிரீட் வீட்டின் பக்கம் சேர்ந்துவிடும். இரவு ஜன்னல் வழியாக வரும் குளிர்ந்த காற்றில் தளமும் அடிப்பக்கத்திலிருந்து குளிரும். மறுநாள் அறையில் சேரும் சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். நேற்றுவரை நம்மை வாட்டிய அதே கனம் நமக்குத் துணையாக மாறிவிடும். அடுக்ககத்தில் மாடி தமக்குச் சொந்தமில்லாதவர்களுக்கும், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், ஒரே ஓர் அறையை ஏசியால் விரைவாகக் குளிர்விக்க வேண்டியவர்களுக்கும் உள்பக்கக் காப்பு பொருந்தும். மற்றவர்கள் மேலே செய்வதே முறை.

எங்கள் மாடியில் இந்த வேலையைச் செய்யத் தீர்மானித்தபோது மேஸ்திரி ஒரு கேள்வி கேட்டார். “தளத்துக்கு மேல அட்டைய வெச்சு மூடிட்டா, நாளைக்கு எங்கனா ஒழுகுச்சுன்னா எந்த எடம்னு எப்படி சார் கண்டுபிடிக்கறது?” மிகச் சரியான கேள்வி, இந்த வேலையில் கெட்டுப்போகும் மாடிகள் பெரும்பாலும் அந்த ஒரு காரணத்தால்தான் கெடுகின்றன. “அதுக்காகத்தான் மேஸ்திரி, மூடறதுக்கு முன்னாடியே தண்ணி கட்டி மூணு நாள் பார்த்துடலாம்” என்றேன். அவர் அதை ஒப்புக்கொண்ட பிறகு வேலை சிக்கலில்லாமல் நடந்தது.

வரிசை இதுதான். முதலில் பழைய பூச்சில் பெயர்ந்து நிற்பதையும் வெடிப்புகளையும் கொத்தி எடுத்துச் சரிசெய்ய வேண்டும். தண்ணீர் தேங்காமல் வடிகுழாயை நோக்கி ஓடும்படி வாட்டம் கொடுக்க வேண்டும். அந்த வாட்டத்தின் மேல் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரம் வரை ஏறியிருக்க வேண்டும். சுவரும் தளமும் சேரும் மூலையை நேர்க்கோணமாக விடாமல் கலவையால் உருட்டிவிடுவது பழைய கொத்தனார்களின் வழக்கம், அதை விட்டுவிடக்கூடாது. பூச்சு காய்ந்ததும் வடிகுழாய்களை அடைத்துத் தண்ணீர் கட்டி, கீழே ஒவ்வொரு மூலையையும் பார்க்க வேண்டும். ஈரம் தெரியவில்லை என்று உறுதியான பிறகே பலகைகள். எக்ஸ்பிஎஸ் பலகையின் நுண்ணறைகள் மூடியவை என்பதால் அது தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மாடிக்கு அதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். கண்ணாடிக் கம்பளி நனைந்தால் காப்புத் திறனை இழந்துவிடும் என்பதால் மாடிக்கு அது ஆகாது. பலகைகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கி, இரண்டு அடுக்காகப் போட்டால் மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்போடு நேராக வராதபடி மாற்றி வைத்து, மேலே ஒரு துணிவிரிப்பும், அதன்மேல் கம்பிவலையோடு கூடிய சிமெண்ட் பூச்சும், கடைசியாக வெள்ளை ஓடும் பதிக்கலாம். அந்தச் சிமெண்ட் பூச்சை ஒரே விரிப்பாகப் போடாமல் சிறு கட்டங்களாகப் பிரித்து, இடைவெளிகளை நெகிழும் பசையால் அடைக்க வேண்டும். வெயில் முழுவதும் இனி அந்தப் பூச்சின்மேல்தான் விழப்போகிறது. விரிய இடம் இல்லாவிட்டால் அது வெடிக்கும்.

எடையைப் பற்றியும் ஒரு சொல். மூன்று அங்குலச் செங்கல் ஜல்லி ஒரு சதுர மீட்டருக்கு 130 கிலோவுக்கு மேல் வரும். இரண்டு அங்குல நுரைப்பலகை இரண்டு கிலோகூட வராது. ஆனால் பலகைக்கு மேலே போடும் பூச்சும் ஓடும் கனமானவை. பழைய தளத்தில் ஜல்லி ஏற்கெனவே இருந்தால் அதன்மேலேயே எல்லாவற்றையும் ஏற்றாமல், கம்பி துருப்பிடித்திருக்கிறதா, தளம் எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிடுவது அவசியம்.

இவ்வளவு செலவு இப்போது முடியாதவர்கள் வெள்ளையிலிருந்து தொடங்கலாம். சாம்பல் நிறச் சிமெண்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. புதிதாக அடித்த சுண்ணாம்போ தரமான வெப்பத் தடுப்புப் பெயிண்டோ முக்கால் பங்குக்கு மேல் திருப்பிவிடும். மே மாதப் பிற்பகலில் 60 டிகிரியைத் தொடும் தளம், வெள்ளை அடித்த பிறகு வெறுங்காலோடு நிற்கும் நிலைக்கு வந்துவிடுவதை யாரும் கண்கூடாகப் பார்க்கலாம். அகமதாபாத் மாநகராட்சி 2017-இல் ஏழை மக்களின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. வெள்ளையின் குறை அது நிலைக்காமல் போவதுதான். புழுதியும் பாசியும் படிந்தால் திறன் குறையும். சுண்ணாம்பை ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். பெயிண்டைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். சாம்பல் நிறச் சிமெண்ட் மாடியை அப்படியே விட்டுவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். மாடியின் மேல் தகரக் கொட்டகை போடுவதும் நல்ல காப்புத்தான், நான்கு பக்கமும் திறந்திருந்து காற்று போய்வரும் வரை. பக்கங்களை அடைத்து அறையாக்கிவிட்டால் அந்தப் பலன் போய்விடும். சூரிய மின்தகடுகளும் தமக்குக் கீழே உள்ள தளத்துக்கு நிழல் தருகின்றன.

சுவர்களைப் பொறுத்தவரை எல்லாச் சுவரையும் ஒன்றாகக் கருதிச் செலவு செய்வது வீண். ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு முன்னே சொன்ன கணக்கில் எண் 2 அளவில் வரும். நான்கரை அங்குலச் சுவருக்கு 3-ஐ நெருங்கும். காற்றுக்குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்லான ஏஏசி கல்லில் எட்டு அங்குலத்துக்குக் கட்டிய சுவருக்கு 0.8-க்குக் கீழே. புதிதாகக் கட்டுபவர்கள் மேற்குச் சுவரையாவது ஏஏசி கல்லில் கட்டலாம். செங்கல்தான் வேண்டும் என்றால், கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ராட் ட்ராப் பாண்ட் முறை இருக்கிறது. லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய அந்த முறையில் கல்லும் சுமார் கால் பங்கு மிச்சமாகும். ஆனால் அதற்குப் பழகிய கொத்தனார் தேவை.

கட்டி முடித்த வீட்டில் மேற்குச் சுவருக்கு முதல் மருந்து நிழல். இடம் இருந்தால் ஒரு புங்க மரம். வேர் சுவரைத் தொடாத தூரத்தில். இடம் இல்லாவிட்டால் சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பி கட்டி ஏற்றிய கொடியோ பச்சை நிழல்வலையோ போதும். சுவருக்கும் நிழலுக்கும் இடையே காற்று ஓட வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஜன்னலுக்கு உள்ளே திரைபோடுவதைவிட வெளியே தட்டி தொங்கவிடுவது பயனுள்ளது, ஏனெனில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்கி அறையிலேயே தங்கிவிடுகிறது. இவற்றுக்குப் பிறகும் சுவர் தகித்தால், வெளிப்புறத்தில் ஓர் அங்குல நுரைப்பலகையை ஒட்டி, நார்வலை வைத்துப் பூசும் முறை இருக்கிறது. தளத்தைச் சரிசெய்யாமல் அந்தச் செலவில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஓட்டு வீடுகளின் கதை வேறு. நாட்டு ஓடோ சீமை ஓடோ வேய்ந்த கூரைக்குக் கீழே பலகைபரப்பி அதன்மேல் மண் இட்ட மச்சு இருந்த வீடுகளில், கோடையிலும் நடுக்கூடம் தாங்கக்கூடியதாக இருக்கும். ஓட்டுக்கும் மச்சுக்கும் இடைப்பட்ட வெளியில் சூடேறிய காற்று ஓட்டு இடுக்குகள் வழியாகவே வெளியேறிவிடும்; மிஞ்சியதை மண் தடுக்கும். மச்சு பாழானால் அதை எடுத்துவிட்டு வெறும் ஓட்டோடு விடுவதே இன்று நடக்கிறது. அப்படி விடாமல், ஓட்டுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு அலுமினியப் படலம் ஒட்டிய விரிப்பைக் கட்டினால் கணிசமான பலன் கிடைக்கும். பளபளப்பான முகம் காற்றிடைவெளியைப் பார்த்து இருக்க வேண்டும். எதோடும் ஒட்டிக்கொண்டிருந்தால் படலம் வேலை செய்யாது. மேல்நோக்கிய முகத்தில் தூசி படியும் என்பதால் கீழ்நோக்கிய முகமே நீண்ட நாள் பயன்தரும். அதற்கும் கீழே ஓர் இடைவெளி விட்டுப் பாயோ பலகையோ கட்டிக்கொள்ள வேண்டும்.

குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் கல்நார் ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்து பகல் முழுவதும் பீடி சுற்றும் பெண்களும், வீட்டுக்குள்ளேயே தறி ஓட்டும் நெசவாளர்களும் இருக்கிறார்கள். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு ஒதுங்க நிழலாவது உண்டு. இவர்களுக்கு நிழலே அந்த ஷீட்தான். அந்த வீடுகளுக்கு முதலில் செய்ய வேண்டியது மேலே வெள்ளை. ஷீட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டவோ துளையிடவோ கூடாது. கல்நாரின் நுண்ணிழைகள் நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து மென்மையான துடைப்பத்தால் கழுவிய பிறகு அடிக்க வேண்டும். உள்ளே கீழ்க்கூரையாகப் பாய் கட்டி, சுவரின் மேல்விளிம்பில் காற்று வெளியேற இடைவெளி விட்டாலே மாற்றம் தெரியும். வெறும் தெர்மாகோலை ஷீட்டுக்கு அடியில் ஒட்டுவதைப் பலர் செய்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அது எளிதில் தீப்பற்றும். எரியும்போது கரும்புகையைக் கக்கும். சமையலும் தொங்கும் மின்கம்பியும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் அது உயிருக்கு ஆபத்து.

காப்பிட்ட வீட்டுக்குப் பழக்கமும் மாற வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் ஜன்னல்களைச் சாத்தி, இரவு வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடத் தணிந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். கொசுவலை அடித்த ஜன்னல்கள் இல்லாவிட்டால் இது நடக்காது. ஆகவே வலைக்கான செலவையும் கூரைச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். சமையலறைச் சூடு, ஆட்களின் உடல் சூடு எல்லாமே உள்ளேயே தங்கும் என்பதால், காப்பிட்டுவிட்டு இரவிலும் ஜன்னலைத் திறக்காத வீடு எதிர்பார்த்த பலனைத் தராது. எங்கள் வீட்டில் இப்போது ஏசி இல்லாமலேயே அம்மா பெரும்பாலான இரவுகளில் தூங்குகிறார். கத்திரியின் உச்ச நாள்களில் மட்டும் பிற்பகலில் அதைப் போடுகிறோம், அறையும் விரைவில் குளிர்கிறது.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தளத்தின் ஈரம் உலர்ந்திருக்கும். பூச்சு நிதானமாக இறுகும். கோடை மழைக்கு முன்னால் முடித்துவிடலாம். புதிதாக வீடு கட்டுபவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பு மதிப்பீட்டுத் தாளில் தளத்துக்கு மேலே என்ன வருகிறது என்ற வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். வெதரிங் கோர்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் பொருள், தடிமன், அடர்த்தி மூன்றையும் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். அந்த வரியே இல்லாத மதிப்பீடுகள்தான் இன்று அதிகம். ஹால் தரைக்கு விலையுயர்ந்த டைல்ஸ் எழுதியிருக்கும் அதே தாளில் தளத்துக்கு ஒன்றும் இருக்காது. தரையின் டைல்ஸை ஒரு படி குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தை மாடிக்கு ஏற்றச் சொல்லுங்கள்.